ராம்நாட்ல சைக்கிள் டிராக் கேக்கணும்னா எந்த இடத்தைக் கேக்கலாம்? லோக்கல் ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க

கேணிக்கரை_பெடல்:

வணக்கம் மக்களே. நாங்க ராமநாதபுரம் டவுன்ல வெள்ளன எந்திரிச்சு சைக்கிள் ஓட்டுற ஒரு சின்ன குரூப்பு, பாதிப்பேர் வேலைக்குப் போறவங்க, கூட ரெண்டு மூணு காலேஜ் பசங்க ரேஸுக்கு ரெடியாகுறாங்க. ஈசிஆர்ல திருப்புல்லாணி வரைக்கும் போயிட்டு திரும்புறது, இல்லனா தேவிபட்டினம் ரோடு, இதுதான் இப்ப எங்க ரூட்டு. ரெண்டுலயும் தொல்லை ஒண்ணுதான். திருச்செந்தூர்ல இருந்தோ வேளாங்கண்ணில இருந்தோ ராமேஸ்வரத்துக்கு ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற வேன்காரன் விடியக்காலம் தூக்கக் கலக்கத்துல நம்ம முழங்கைய உரசிட்டுப் போறான், கேட்டா ஹாரன் அடிச்சேனேங்குறான். அமாவாசைன்னா சொல்லவே வேணாம், சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் தர்ப்பணம் குடுக்க வர்ற கூட்டத்துல அன்னைக்கு சைக்கிள எடுக்குறதே இல்ல.

அதனால டவுன்ல ஒரு சைக்கிள் டிராக் வேணும்னு திங்கக்கெழம குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்னு இருக்கோம். சும்மா "டிராக் வேண்டும்"னு எழுதிக் குடுத்தா அது எந்தக் கட்டுல போய் உக்காரும்னு எல்லாருக்கும் தெரியும், இடத்தையும் நாமளே சொல்லணும். எங்களுக்குள்ளயே நாலு கட்சி ஆயிப்போச்சு. சீதக்காதி சேதுபதி ஸ்டேடியம்னு ஒருத்தர், சக்கரக்கோட்டை கண்மாய்க் கரைனு ஒருத்தர், பாரதி நகர்ல இருந்து பட்டணம்காத்தான் ஈசிஆர் விலக்கு வரைக்கும் ரோட்டோரமானு ஒருத்தர், தனுஷ்கோடி ரோட்டையே கேப்போம்னு காலேஜ் பசங்க. எது நடக்கும், எது நடக்காது? ஏன்னும் சேத்து சொல்லுங்க, மனுவுல எழுதணும்.

ரைடர்_627:

அரிச்சல்முனை தான் ப்ரோ, யோசிக்கவே வேணாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டுனா நூல் புடிச்ச மாதிரி நேர் ரோடு, ரெண்டு பக்கமும் கடல், சிக்னல் இல்ல, ஸ்பீட் பிரேக்கர் இல்ல. ட்ரோன்ல எடுத்து போட்டோம்னா இந்தியா பூராவும் இருந்து வருவான்.

பாம்பன்காத்து:

தம்பி ரைடர், நான் தீவுக்குள்ள இருக்குறவன், அந்த ரோட்டுல ஓட்டியும் இருக்கேன், அதனால சொல்றேன் கோச்சுக்காதீங்க. ஆனி ஆடில கச்சான் காத்து அடிக்கும்போது ஒருநாள் சைக்கிள எடுத்துட்டு அங்க வாங்க. போகும்போது பெடலே மிதிக்காம பறப்பீங்க, திரும்பி வரும்போது இறங்கித் தள்ளுவீங்க, நடுவுல காத்து பக்கவாட்டுல திரும்புச்சுன்னா ஹேண்டில்பார் நம்ம கையில இருக்காது. பழைய பாம்பன் ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுனா ரயிலுக்கே சிக்னல் விழாம இருந்துச்சு, அம்புட்டு எடை உள்ள வண்டிய நிப்பாட்டி வச்ச காத்து இது, பத்து கிலோ சைக்கிளு என்ன செய்யும்.

அடுத்து மணல். காத்து தூக்குன நாள்ல ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து மணல் ரோட்டு மேல ஏறி நாக்கு நாக்கா படுத்துருக்கும், தூரத்துல இருந்து பாத்தா தெரியாது, ஒல்லி டயர் அதுல இறங்குச்சுன்னா முன்வீல் அப்படியே நின்னுரும், நாம மட்டும் முன்னாடி போவோம். நிழல்னு ஒரு மரம் கிடையாது, குடிக்கிற தண்ணிய நாமதான் கொண்டு போகணும். அதுக்கு மேல 2025-ல அந்தப் பக்கத்தை பூநாரை சரணாலயமா அறிவிச்சிட்டாங்க, கடலோர ஒழுங்காற்று விதி ஏற்கெனவே இருக்கு. புதுசா ஒரு செங்கல் வைக்கணும்னாலும் எத்தனை இடத்துல அனுமதி வாங்கணும்னு யோசிங்க.

எல்லாத்தையும் விடுங்க. ராம்நாட்ல இருந்து ராமேஸ்வரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல, தனுஷ்கோடி அதுக்கும் அங்கிட்டு. காலைல ஆபீஸ் போறவன் டெய்லி சைக்கிள கார்ல கட்டிட்டு பாலத்தைத் தாண்டியா வருவான்? அது டூரிஸ்டு எடுக்குற செல்ஃபிக்கு நல்ல எடம், அம்புட்டுத்தான். பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டிய நிப்பாட்டி போட்டோ எடுக்குற கூட்டத்தையே எங்களால தாங்க முடியல, இதுல ட்ரோன் வேறயா.

கடைமடை_விவசாயி:

கண்மாய்க் கரைனு சொன்னவரு யாருன்னு தெரியல, ஆனா கரைங்குறது தண்ணியக் காக்குறதுக்கு உள்ளது, அதை மொதல்ல சொல்லிக்கிறேன்.

சக்கரக்கோட்டை கண்மாய் பறவைகள் சரணாலயம், 2025-ல ராம்சார்னு சொல்ற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துருச்சு, தேர்த்தங்கலும் அதுவும் ஒண்ணா சேந்துச்சு. ஐப்பசி கார்த்திகைல மழை இறங்குன பெறகு நாரையும் கூழைக்கடாவும் வந்து கருவ மரத்துல உக்காந்துருச்சுன்னா பங்குனி வரைக்கும் அதுக ராஜ்ஜியந்தான். கரைமேல லைட்டு போட்டு காலைல நாலரை மணிக்கு நீங்க விசில் அடிச்சுக்கிட்டு போனா கூட்டை விட்டு எந்திரிச்சிரும். வனத்துறை விடவும் மாட்டாங்க, விடவும் கூடாது.

அப்ப பெரிய கண்மாய்க் கரையக் கேப்போம்னு அடுத்து சொல்லுவீங்க. வைகை வந்து சேர்ற கண்மாய் அது. கரை நெடுக மடை இருக்கு, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்கு இருக்கு. நல்லா மழை பெஞ்ச வருஷம் கலுங்கு பாயும்போது உங்க டிராக் அந்த இடத்துல தண்ணிக்குள்ள கெடக்கும். மடைய திறக்குற அன்னைக்கு கரைமேல டிராக்டரு, மம்பட்டியோட ஆளுங்கனு எல்லாரும் நிப்பாங்க. கரைய அகலப்படுத்துறேன்னு உள்வாய்ப் பக்கம் மண்ணைத் தள்ளுனா அது ஆக்கிரமிப்பு, 2007-ல வந்த ஏரி குளம் பாதுகாப்பு சட்டம் இருக்கு, கோர்ட்டுல நிக்காது.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எங்க பக்கம் எங்க தார் ரோடு புதுசா போட்டாலும் மாசி பங்குனில அது களம்தான். குண்டு மிளகாய் பழுத்து வந்துச்சுன்னா காயப்போட எடம் வேணும்ல, 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, காயப்போட களம் எல்லா ஊருக்கும் குடுக்கல. சுத்தமான தார், வண்டி வராத டிராக்கு, ரெண்டு பக்கமும் தடுப்புக் கட்டை வேற, இதைவிட நல்ல களம் எங்க கெடைக்கும்? நானே கொண்டுவந்து கொட்டுவேன். நீங்க மிளகாய் மேல ஏத்துனா சண்டை, ஏத்தாம சுத்திப் போனா ரோட்டுக்கு வந்துருவீங்க. வயக்காட்டுப் பக்கம் டிராக் கேட்டீங்கன்னா கூடவே ரெண்டு களமும் சேத்துக் கேளுங்க, ஊர்க்காரங்க எல்லாரும் கையெழுத்து போடுவாங்க.

உச்சிப்புளி_டு_ஹைதராபாத்:

சொந்த ஊர் உச்சிப்புளி, வேலை ஹைதராபாத்ல. இங்க அவுட்டர் ரிங் ரோட்டுல 2023-ல சைக்கிள் டிராக் திறந்தாங்க, 23 கிலோமீட்டர், நாலரை மீட்டர் அகலம், மேல பூரா சோலார் கூரை, 16 மெகாவாட் கரண்ட் வருதுன்னு சொல்றாங்க. தென்கொரியால ஹைவே நடுவுல இப்படி ஒண்ணு இருக்கு, அதைப் பாத்து செஞ்சது. நம்ம மாவட்டத்துல கமுதில 648 மெகாவாட் சோலார் வச்சு ஓட்டுறான், வெயிலுக்கா பஞ்சம், ஒரு ரெண்டு கிலோமீட்டருக்காவது கூரை கேட்டுப் பாக்கலாம்ல?

ஆனா ஒரு விஷயத்தை கவனிங்க. அந்த டிராக் அங்க ஓடுறதுக்குக் காரணம் கூரை இல்ல, இடம். மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவுல போகுது, அதனால எவன் வீட்டு வாசலும் கடை வாசலும் அதுல வந்து முட்டாது. நம்ம ஊர்ல பாரதி நகர் ரோட்டுல டிராக் போட்டா டீக்கடைக்கு ஒரு வெட்டு, செல்போன் கடைக்கு ஒரு வெட்டு, கல்யாண மண்டபத்துக்கு பத்து வெட்டுன்னு ஆயிரும். முகூர்த்த நாள்ல அது கார் பார்க்கிங்.

காலேஜ் பசங்களுக்கு: ரேஸுக்குன்னு கேக்குறீங்கன்னா அது தனி சமாச்சாரம், இதோட போட்டுக் குழப்பாதீங்க. வெலோட்ரோம்னா சைக்கிள் ரேஸுக்குன்னே கட்டுற டிராக், 250 மீட்டர் சுத்து, வளைவுல 42 டிகிரிக்கு மேல சரிவு, பிரேக்கே இல்லாத வண்டியில ஸ்பீடு குறையாம போனாதான் அதுல நிக்க முடியும், குறைஞ்சா சறுக்கி கீழ. நம்ம ஸ்டேட்டுல மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல ஒண்ணு இருக்கு. ராம்நாட்டுக்கு ஒண்ணு வேணும்னு கேட்டா, எத்தனை பேர் ஓட்டுறீங்கன்னு திருப்பிக் கேப்பாங்க, அப்ப என்ன சொல்லுவீங்க. ஸ்டேடியத்துக்குள்ளயும் நடக்குறவங்க ஓடுறவங்க நடுவுல சைக்கிள விட முடியாது, யாராவது பெரியவங்களை இடிச்சா அன்னையோட கேட்டை சாத்திருவாங்க. ஊருக்கு வெளிய கருவ மரம் வெட்டுன புறம்போக்குல ஒரு கிலோமீட்டர் சுத்து தார் ரோடு, அதைத் தனி மனுவா குடுங்க.

பஞ்சர்கடை:

கருவ மரம் வெட்டுன புறம்போக்கா? வாங்க வாங்க, எனக்கு நல்ல யாவாரம்.

டவுன்ல சைக்கிள் கடை வச்சிருக்கேன். நம்ம ஊர்ல பஞ்சர் ஆணியில ஆகுறதைவிட கருவ முள்ளுலதான் ஜாஸ்தி. வெட்டுன இடத்துல முள்ளு மண்ணோட மண்ணா வருஷக்கணக்குல கெடக்கும். டயருக்குள்ள ஏறுனா தலை ஒடிஞ்சு நுனி மட்டும் உள்ள நிக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, விரலை உள்ள விட்டு பையத் தடவுனாதான் சுருக்குனு படும், அதை எடுக்காம புது டியூபைப் போட்டா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அதுவும் போச்சு. டிராக் எங்க போட்டாலும் ரெண்டு ஓரமும் பத்தடிக்கு கருவய வேரோட எடுக்கணும், வருஷா வருஷம் கூட்டணும், இதை மனுவுல எழுதுங்க. போடுறதுக்கு எல்லாரும் வருவாங்க, கூட்டுறதுக்கு யாரும் வரமாட்டாங்க.

கடலை ஒட்டி வேணாம்னு நானும் சொல்றேன். மண்டபம் தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து வர்ற வண்டியப் பாத்தவுடனே சொல்லிருவேன், ஸ்போக் நிப்பிள் பூரா வெள்ளப் பூத்துருக்கும், திருப்புனா திரும்பாது, ஒடியும். செயினும் ஃப்ரீவீலும் டவுன் வண்டியில உழைக்கிறதுல பாதிகூட அங்க உழைக்காது. வண்டிக்கே இந்தக் கதின்னா, வழி நெடுக நீங்க நடுற இரும்புத் தடுப்பு என்ன ஆகும்?

அப்புறம் ஒண்ணு கேக்குறேன் தம்பி கேணிக்கரை. காலைல அஞ்சு மணிக்கு ஹெல்மெட் போட்டு ஓட்டுற உங்க குரூப்பு வண்டி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு என் கடைக்கு வரும். மத்தது எல்லாம் யாரு? பிளஸ் ஒன்ல கவர்மென்ட்டு குடுத்த சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க, கொத்தனார் வேலைக்குப் போறவங்க, கடையில நிக்குறவங்க. ஊர்ல சைக்கிள் ஓட்டுறது அவங்கதான். அவங்க போற வழிய விட்டுட்டு வேற எங்கயோ எடம் தேடுறீங்களே?

கேணிக்கரை_பெடல்:

அண்ணே இது சரியான அடி 😄 நாங்க காலைல ஓட்டுறதை மட்டும் வச்சே பேசிக்கிட்டு இருந்தோம். அப்ப தனுஷ்கோடி, கண்மாய்க்கரை, ஸ்டேடியம் மூணும் அவுட். பட்டணம்காத்தான் மட்டும் நிக்குது, ஆனா ஹைதராபாத் அண்ணன் சொன்ன வாசல் பிரச்சனை இருக்கே. ஸ்கூல் பிள்ளைங்க எந்தப் பக்கமிருந்து ஜாஸ்தி வர்றாங்கன்னு யாருக்காவது தெரியுமா?

கணக்கு_டீச்சர்:

எனக்குத் தெரியும். டவுன்ல ஒரு மேல்நிலைப் பள்ளியில கணக்கு எடுக்குறேன். பிளஸ் ஒன் பிள்ளைங்களை புள்ளியியல் பாடத்துக்காக அவங்கவங்க வீடு இருக்குற ஊரை மேப்புல புள்ளி வைக்கச் சொன்னேன். சைக்கிள்ல வர்ற புள்ளி ரெண்டு பக்கமா கொத்துக்கொத்தா விழுந்துச்சு, பட்டணம்காத்தான் பக்கம் ஒண்ணு, சக்கரக்கோட்டை சூரங்கோட்டைப் பக்கம் ஒண்ணு. தூரத்து ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பஸ்ஸு.

பொம்பளப் பிள்ளைங்க எப்படி வர்றாங்கன்னு ஒருநாள் கேணிக்கரைல நின்னு பாருங்க தம்பி. பை முன்கூடையில, சாப்பாட்டுக் கூடை ஹேண்டில்ல, துப்பட்டா செயின்ல மாட்டாம இருக்க ஊக்கு குத்தி பின்னாடி முடிச்சு. ஜங்ஷன் வந்தவுடனே பாதிப்பேர் இறங்கிருவாங்க, ஓட்டமாட்டாங்க, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போற எடத்துல ஓரமா தள்ளிக்கிட்டே வருவாங்க. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா மணி ஆறு, கார்த்திகை மார்கழில அதுக்குள்ள இருட்டிரும். அப்பதான் வீட்ல "சைக்கிள வித்துருவோம், அப்பா வண்டில கொண்டுவந்து விடுறேன்"னு ஆரம்பிப்பாங்க. அப்பாவுக்கு வேலை இருக்குற அன்னைக்கு பிள்ளை லீவு.

அதனால என்னையக் கேட்டா டிராக்கு ஸ்கூல் வாசல்ல ஆரம்பிக்கணும். எங்கயோ அழகா ரெண்டு கிலோமீட்டர் போட்டுட்டு, அங்க போறதுக்கு இந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் வரணும்னா ஒரு பிள்ளையும் வராது. ஜங்ஷன்லதான் பயம், அங்கதான் பாதை வேணும். மத்த எடத்துல பிள்ளைங்க எப்படியோ ஓட்டிக்குவாங்க.

கீழக்கரை_பையன்:

எல்லாம் ராம்நாட்டுக்கே கேளுங்க. கீழக்கரை சந்துல சைக்கிள் ஓட்டி வளந்தவன் நான், எங்க காக்காமாரு (அண்ணன்மாரு) வெளிநாட்டுல இருந்து லீவுல வரும்போது கொண்டாந்த கியர் சைக்கிளை ஏர்வாடி ரோட்டுல மெதிச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சோம், எங்களுக்கும் ஒரு ஓரம் போடச் சொல்லுங்கப்பா. சரி சரி, மொதல்ல நீங்க வாங்குங்க, அப்புறம் நாங்க சண்டைக்கு வர்றோம்.

சைட்_எஞ்சினியர்:

இப்பதான் பூராவும் படிச்சேன். டீச்சரம்மா சொன்னதுதான் சரி, நான் அதை வேலையா எப்படிக் கேக்குறதுன்னு மட்டும் சொல்றேன். ரோட்டு வேலையிலயே காலம் ஓடுனவன்.

மொதல்ல ரோடு யாரோடதுன்னு பாருங்க. ஒரே ரோட்டுல கொஞ்ச தூரம் நெடுஞ்சாலைக்காரங்க, அதுல இருந்து பிரியிற தெரு உள்ளாட்சிக்காரங்க. ஒரே ஆபீஸுக்கு மனு குடுத்தா "எங்க எல்லைல வரல"ன்னு ஒத்த வரில திருப்பி அனுப்புவாங்க. எந்தப் பகுதி யாருதுன்னு பிரிச்சு எழுதி ரெண்டு பேருக்கும் காப்பி போடுங்க.

அகலம்: ஒரு பக்கம் மட்டும் போற பாதைன்னா ரெண்டு மீட்டர், போக வர ஒரே பாதைன்னா மூணு மீட்டராவது வேணும், அதுக்குக் குறைஞ்சா கேக்காதீங்க. வாசல் பிரச்சனைக்கு வழி இருக்கு. ஒவ்வொரு வாசலுக்கும் டிராக்கை இறக்கி ஏத்தாம, டிராக்கை ஒரே மட்டத்துல கொண்டு போயிட்டு காரை ஏறி இறங்க வைக்கணும். கார்க்காரன் தானா மெதுவா வருவான். தடுப்புக் கட்டைக்கு இரும்பு வேணாம், பஞ்சர்கடை அண்ணன் சொன்ன மாதிரி மூணு மழைக்குத் தாங்காது, கான்கிரீட் கட்டை போதும், நடுவுல ஒண்ணேகால் மீட்டர் விட்டு நட்டா சைக்கிள் போகும், ஆட்டோ போகாது. பைக்காரன் போவான், அவனை ஆண்டவனாலயும் தடுக்க முடியாது.

தளம் என்னன்னு நீங்க எழுதாம விட்டீங்கன்னா கண்டிப்பா பேவர் பிளாக்தான் வரும், காண்ட்ராக்டருக்கு அது லகு. ஒரே மழைல அடிமண் இறங்கி கல்லு ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு பல்லை இளிக்கும், இடுக்குல புல்லு மொளைக்கும், ஓட்டுறவன் பூராவும் டிராக்கை விட்டுட்டு ரோட்டுக்கே வந்துருவான். தார்னு தெளிவா எழுதுங்க. கட்டைக்கும் வாய்க்கால் மூடிக்கும் கான்கிரீட் போடுறப்ப எந்தத் தண்ணியக் கலக்குறாங்கன்னு பாக்கணும், இங்க போர் தண்ணி பாதி எடத்துல உப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு தான் வரம்பு, கம்பி இல்லாததுக்கு 2000. மூடியில கம்பி இருக்கும்ல, உப்புத் தண்ணில போட்டா உள்ளயே துரு ஏறி வெடிச்சிரும், அப்புறம் அந்தக் குழியிலதான் பிள்ளைங்க விழும். சல்லடை மூடி வச்சா கம்பி சைக்கிள் போற திசைக்குக் குறுக்கால இருக்கணும், நெடுக்கால வச்சா டயர் உள்ள இறங்கிரும். இதையெல்லாம் நான் வேலை முடிஞ்ச பெறகு போய்ச் சொல்லிருக்கேன், யாரும் மாத்துனதில்ல, அதான் முன்னாடியே எழுதிக் குடுங்கங்குறேன்.

மண்ணு விஷயத்துலயும் உங்களுக்கு நல்ல காலம். பட்டணம்காத்தான் தாண்டி கிழக்க போகப் போக மணல் பூமி, தண்ணி நிக்காது. மேற்க பரமக்குடி முதுகுளத்தூர் பக்கம் மாதிரி கரிசலா இருந்தா கோடைல விரிஞ்சு மழைல உப்பி தாரைக் கிழிச்சிரும், அடியில கிராவல் போட்டே காசு தீந்துரும்.

கடைசியா, மனுவோட ஒரு எண்ணிக்கை வைங்க. கேணிக்கரைலயும் பாரதி நகர்லயும் காலைல எட்டுல இருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலுல இருந்து ஆறரை, எத்தனை சைக்கிள் போச்சு, எத்தனை பேர் இறங்கித் தள்ளுனாங்க. எங்க ஆபீஸ்ல எந்த ரோட்டை எடுத்தாலும் மொதல்ல வண்டிக் கணக்குதான் எடுப்போம், கார் லாரின்னு எண்ணி, கடைசில சைக்கிளுக்கு ஒரு கட்டம் இருக்கும், அதைப் பெரும்பாலும் குத்துமதிப்பா நிரப்பிருவாங்க. நீங்க எண்ணிக் குடுத்தா அந்தக் கட்டத்துக்கு யாரும் மறுத்துப் பேச முடியாது.

கேணிக்கரை_பெடல்:

இதுக்கு மேல என்ன வேணும், ரொம்ப நன்றி எல்லாருக்கும். முடிவு இதுதான்: ஸ்கூல் வாசல்ல ஆரம்பிச்சு கேணிக்கரை, பாரதி நகர் வழியா பட்டணம்காத்தான் விலக்கு வரைக்கும் மொதக் கட்டம், சக்கரக்கோட்டைப் பக்கம் ரெண்டாங்கட்டம். காலேஜ் பசங்க ரேஸ் சுத்துக்குத் தனி மனு எழுதிக்கிட்டு இருக்காங்க, மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுதான். எண்ணுறதுக்கு ரெண்டு ஜங்ஷனுக்கும் நாலு நாலு பேர் வேணும். வர்ற திங்கக்கெழம காலைல எண்ணலாம்னு இருக்கோம், யாரெல்லாம் வர்றீங்க?

கணக்கு_டீச்சர்:

திங்கள் வேண்டாம் தம்பி, பிளஸ் ஒன்னுக்கு அன்னைக்கு மாதத் தேர்வு, பாதிப் பிள்ளைங்களை பயந்துக்கிட்டு அப்பாவே வண்டில கொண்டுவந்து விட்டுருவாரு, கணக்கு குறைஞ்சுரும். புதன் வைங்க. பிள்ளைங்க நாலு பேரை நோட்டோட அனுப்புறேன், சாயங்காலம் எண்ணுறவங்களுக்கு டீ வடை மட்டும் நீங்க பாத்துக்கோங்க.

பஞ்சர்கடை:

புதன்கிழமை நானும் வர்றேன், கேணிக்கரை பக்கம் போடுங்க. காத்தடிக்கிற பம்பையும் எடுத்துட்டு வர்றேன், நிக்குற நேரத்துல பிள்ளைங்க வண்டிக்கு அடிச்சு விட்டுரலாம், பாதி வண்டி காத்தே இல்லாமத்தான் போகுது.